கொதிக்கும் குடும்பஸ்தன் தந்த ஒற்றை நட்சத்திரம்

"இன்னைக்கு என்ன?" என்று கேட்டார் பைண்டிங் மேஸ்திரி.

கேட்கும்போதே தேநீர்க் குவளையைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு மேசையில் வைத்தார். எதிரே மனைவி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி. கைக்கு அடியில் 'சொல்லித் தீர்' என்ற புத்தகம். அட்டை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சாட்சி சொல்ல வந்தவள் போலத் தொண்டையைச் செருமினாள்.

"நான் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. அதனால நீங்க கேக்கறதே இல்ல."

"இதெல்லாம் ஒரு பேச்சா, நான் எப்போ..."

"பாத்தீங்களா," என்றாள் மனைவி. எழுந்து, கைப்பையை மாட்டிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள்.

மேஸ்திரிக்குக் காது மடல் சிவந்தது. கொஞ்ச காலமாகவே அவருடைய காலைகள் இப்படித்தான் விடிந்தன. தினம் ஒன்று. கத்தமாட்டாள், அழமாட்டாள், ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அது நாள் முழுக்க அவருடைய செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தும். முந்தின நாள் சொன்னது இன்னும் மோசம்: "வீட்ல எது உடைஞ்சாலும் உக்காந்து சரி பண்றீங்க. நான் உடைஞ்சா மட்டும் எரிஞ்சு விழறீங்க." இப்படியெல்லாம் அடுக்கிப் பேச அவளுக்கு எங்கே தெரியும்? இது புத்தகம் எழுதிப் பிழைக்கிறவனின் வேலை என்று மேஸ்திரி அப்போதே கண்டுபிடித்துவிட்டார்.

ஒருநாள் அவள் தன் அப்பா இறந்தபோது நடந்ததைச் சொன்னாள். தான் அழுதுகொண்டிருந்த நேரத்தில் ஊருக்குப் போகிற வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதைப் பற்றியே இவர் பேசிக்கொண்டிருந்தாராம். மேஸ்திரி மடக்கினார். உங்க அப்பா செத்தது புத்தகம் எழுதின அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். உதாரணம் மட்டும் சொந்தமாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள் அவள். எந்தப் பக்கத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்று கேட்டார். "எல்லாப் பக்கத்துலயும்தான்," என்று அட்டையைத் தட்டிக் காட்டினாள்.

இதில் அவருக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்.

'சொல்லித் தீர்' அவருடைய பட்டறையில்தான் பைண்டிங் ஆனது. எழுதியவர் மனநல மருத்துவர் ஒருவர். மனத்தில் அடக்கிவைத்த சொல் உடம்பில் நோயாக மாறும், ஆகவே யார் புண்படுத்தினார்களோ அவர்கள் முகத்துக்கு நேராக, நாளுக்கு ஒன்றாக, சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. இது வைத்தியமே இல்லை, வீட்டுக்குத் தீ வைப்பது என்று மற்ற டாக்டர்கள் பத்திரிகைகளில் சண்டை போட்டார்கள். மேஸ்திரிக்கு அந்தச் சண்டை எதுவும் தெரியாது. பைண்டிங் செய்கிறவர்களுக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவே வேறு. ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன, எதையும் அவர் படித்ததில்லை. பக்க எண்ணைப் பார்ப்பார். ஓரம் கோணாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். முதுகில் பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அதோடு சரி. மனைவி சாயங்காலங்களில் ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததால், பொழுதாவது போகட்டுமே என்று நல்ல மனத்தோடு கட்டிங் மெஷின் பக்கத்தில் கிடந்த ஒரு பிரதியை எடுத்து வந்து கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பட்டறைக்குப் போனதும் வழக்கம்போலக் கட்டிங்காரரிடம் போய் நின்றார். கட்டிங்காரர் பெரிய கத்தி மெஷினில் காகிதம் நறுக்குகிறவர். பொறுமைசாலி. மேஸ்திரியின் மனைவி தினமும் சொல்கிற வாக்கியம், கொதிப்பு ஆறாமல் முதலில் அவர் காதுக்குத்தான் வந்து சேரும்.

"இன்னைக்குச் சொன்னது நல்லா இருக்கே, அண்ணே," என்றார் கட்டிங்காரர்.

"நல்லா இருக்கா? அந்த டாக்டர் என் எதிர்ல வந்தா அவன் விரலை உன் மெஷின்ல வெச்சிடுவேன்."

"அவரைத் திட்டணும்னா இன்டர்நெட்டுல திட்டலாமே. புத்தகம் விக்கற இடத்துல வாசகர் கருத்துன்னு ஒரு பகுதி இருக்கு. நட்சத்திரம் வேற குடுக்கலாம்."

மதிய இடைவேளையில் மேஸ்திரி பசை காய்ந்த கட்டைவிரலால் கைபேசியில் எழுதினார்:

'இந்தப் புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம் தருகிறேன். அதற்கும் குறைவாகத் தர இங்கே வசதி இல்லை. அமைதியாக இருந்த ஒரு குடும்பத்தில் இது ஒரு வாயைத் திறந்துவிட்டது. திறக்கத் தெரிந்த டாக்டர் மூடவும் வழி சொல்லியிருக்க வேண்டும். – கொதிக்கும் குடும்பஸ்தன்.'

எழுதி முடித்ததும் வயிறு குளிர்ந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் கருத்துக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. தன்னைப் போல இத்தனை பேர் உலகத்தில் புழுங்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாமல் போயிற்றே என்று உருகிப் போனார்.

'அமைதி விரும்பி' என்றொருவர் எழுதியிருந்தார்: 'உங்களுக்காவது மனைவியோடு போயிற்று. என் மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு என் அம்மா தனியாக ஒரு பிரதி வாங்கிவிட்டார்.' 'மாடிவீட்டுக்காரர்' என்பவர், 'எங்கள் வீட்டில் யாரும் இதை வாங்கவில்லை. கீழ்வீட்டில் வாங்கியிருக்கிறார்கள். முழுப் புத்தகமும் எங்களுக்குக் கேட்கிறது. நடுவில் கொஞ்சம் தொய்வு' என்று இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார். ஒரே ஒரு பெண்மணி மட்டும், 'ஐயா, நீங்கள் இந்தப் புத்தகத்தைப் படித்தீர்களா?' என்று கேட்டிருந்தார். மேஸ்திரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 'நான் இந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்துகிறேன்' என்று பதில் போட்டார். அதற்கும் நூற்றுக்கணக்கானோர் கைதட்டினார்கள்.

சில நாள் கழித்து முதலாளி சிரித்த முகத்தோடு பட்டறைக்குள் வந்தார். முதலாளி சிரித்தால் வேலை கூடப் போகிறது என்று அர்த்தம்.

"யாரோ ஒரு புண்ணியவான், கொதிக்கும் குடும்பஸ்தனாம்," என்றார். "அவன் திட்டினதுல இருந்து புத்தகம் பறக்குது. என்னதான் எழுதியிருக்குன்னு பார்க்கணும்னு ஆளாளுக்கு வாங்கறாங்க. மறுபதிப்பு வருது, மேஸ்திரி. மத்ததை எல்லாம் ஓரமா வெச்சிட்டு இதை முடிங்க."

புத்தகத்தை ஒழித்துக்கட்ட மேஸ்திரி எழுதியது, அதை அவர் தலைமேலேயே கொண்டுவந்து இறக்கியிருந்தது.

புதிய அட்டை அடுக்கடுக்காக வந்து இறங்கியபோதுதான் முழு விபரீதமும் தெரிந்தது. பின்னட்டையில், சிவப்புக் கட்டத்துக்குள், கொட்டை எழுத்தில்: '"ஒரு குடும்பத்தில் இது ஒரு வாயைத் திறந்துவிட்டது" – கொதித்துப்போன வாசகர்.' அது தன் வைத்தியத்துக்குக் கிடைத்த நற்சான்று என்பது போல, டாக்டர் அதன் பக்கத்தில் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். மேஸ்திரி ஒவ்வோர் அட்டையையும் தன் கையாலேயே பசை தடவி ஒட்ட வேண்டும்.

அன்று காலை வீட்டில் கேட்டது வேறு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. "உங்களுக்குக் கோபம் வந்தா இந்த வீட்டுக் கதவுக்கெல்லாம் வலிக்குது," என்று மனைவி சொல்லியிருந்தாள். அவர் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருந்தார்.

அந்தக் கொதிப்போடுதான் அவர் ஃபாரம் அடுக்கினார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. ஒரு பெரிய தாளில் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம் அச்சடிப்பார்கள். பார்த்தால் ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் தலைகீழாகவும் இருக்கும். பைத்தியக்காரன் அச்சடித்தது போலத் தோன்றும். அதை மூன்று முறை சரியாக மடித்தால் எல்லாப் பக்கமும் தன் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அப்படி மடித்த கட்டுக்குத்தான் ஃபாரம் என்று பெயர். நீண்ட மேசை மேல் முதல் ஃபாரம் ஒரு குவியல், அடுத்தது ஒரு குவியல் என்று வரிசையாக வைத்துவிடுவார்கள். ஆட்கள் மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒன்றாக எடுத்துச் சேர்த்தால் ஒரு புத்தகம் கையில் நிற்கும்.

குவியல்களை வரிசையாக வைப்பது மேஸ்திரியின் வேலை. வேறு யாரையும் அவர் அதில் விடமாட்டார். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு இருக்கும். சேர்த்து நிறுத்தினால் கோடுகள் மாடிப்படி மாதிரி இறங்கும். படி எங்காவது தவறினால் அங்கே ஃபாரம் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

அன்று அந்த ஒரு பார்வை விழவில்லை. கண் மேசை மேல் இருந்தது. மனம் கைபேசியில் டாக்டருக்கு அடுத்த சாட்டையடி எழுதிக்கொண்டிருந்தது. கை என்ன செய்ததென்று கைக்கே தெரியாது. முதல் ஃபாரத்தின் இடத்தில் கடைசி ஃபாரத்தையும், கடைசியின் இடத்தில் முதல் ஃபாரத்தையும் வைத்துவிட்டு நகர்ந்தார்.

மறுபதிப்பு கடைக்குப் போனது. அதன் பிறகு வந்த வாசகர் கருத்துகளில் சூடு ஏறியது. முன்பு திட்டினவர்கள் அலுத்துக்கொண்டார்கள், இப்போது திட்டினவர்கள் அலறினார்கள்.

'புது மாப்பிள்ளை' என்பவர் எழுதியிருந்தார்: 'புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே "இனி விலகு" என்று இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்த பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச காலம் போய்விட வேண்டுமாம். திரும்பி வரலாமா வேண்டாமா என்று அங்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டுமாம். என் மனைவி சொன்னதைச் செய்கிறவள். எதையும் சொல்லாமலேயே போய்விட்டாள். என் மேல் என்ன குறை என்பதாவது தெரிந்தால் நன்றாக இருக்கும்.'

முதலாளிக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. திரும்பி வந்த பிரதி ஒன்றை மேஸ்திரியின் முன்னால் போட்டு, இத்தனை வருஷம் வேலை செய்தும் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று ஆட்கள் எல்லாரும் கேட்கக் கத்தினார். வந்ததை எல்லாம் பிரித்து மறுபடி அடுக்கச் சொன்னார். அந்தக் கத்தல் மேஸ்திரி காதில் ஏறவே இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் மண்டைக்குள் நின்றது. 'இனி விலகு' என்பது அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். அவருடைய வீட்டில் இருப்பது முதல் பதிப்பு. எல்லா ஃபாரமும் ஒழுங்காக வைத்தது. அவள் முறையாக, தினம் ஒன்றாக, அந்தக் கடைசி அத்தியாயத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள்.

வீட்டுக்குப் போனால், பரண் மேல் இருந்த பெட்டி கீழே இறங்கியிருந்தது. துடைத்து, வாய் திறந்து, ஜன்னல் ஓரம் காற்றாட வைக்கப்பட்டிருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டார். குரல் அவருக்கே கீச்சென்று கேட்டது.

"தூசி படிஞ்சு கிடந்தது. தொடைச்சேன்."

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எதையாவது பேச வேண்டும் என்று தோன்றியது. என்ன பேசுவதென்று தெரியாததால் பெட்டியின் கீல் தளர்ந்திருக்கிறது என்றார். திருப்புளியை எடுத்து வந்து அதை முடுக்கியும் கொடுத்தார். முடுக்கி முடித்த பிறகுதான், அவள் கிளம்புவதற்குத் தானே வசதி செய்துகொடுத்திருப்பது உறைத்தது. திருப்புளியைத் தூக்கி மூலையில் எறிந்தார்.

மனைவி அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் லீவு, எனக்கும் லீவு," என்றாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதைச் சொல்லிட்டா முடிஞ்சிடும். குறுக்க பேசாம உக்காந்து கேக்கணும்."

"அதையும் புத்தகத்துலதான் போட்டிருக்கா?"

"ம்," என்றாள் அவள், புத்தகத்தைத் தலையணை பக்கத்தில் வைத்தபடி.

அவருக்கு அவள் மேல் வந்த கோபத்தை விட டாக்டர் மேல் வந்த கோபம் பெரிது. டாக்டர் மேல் வந்ததை விடப் பயம் பெரிது. இந்த வீட்டில் அவள் இல்லாமல் தேநீர்க் குவளையை யார் எதிரில் ஓங்கி வைப்பது? அந்த நினைப்பே தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் கேட்க ஆரம்பித்தால் கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும், பேச வேண்டும். பேசுவதை விடச் சுலபமான வழி ஒன்று பைண்டிங் மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பியதும் புத்தகத்தை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். மதியம் ஆட்கள் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். கட்டிங்காரர் மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். அட்டையைப் பதமாகப் பிரிக்க வேண்டும். கடைசி ஃபாரத்தை மட்டும் உருவி எடுத்துவிட வேண்டும். மறுபடி பசை போட்டு அட்டையை ஒட்டி, ஓரத்தை மயிரிழை அளவு நறுக்கிவிட்டால் கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. திரும்பி வந்த பிரதிகளைப் பிரித்தபோது அத்தியாயத் தலைப்புகளை மட்டும் பார்த்து வைத்திருந்தார். கடைசிக்கு முந்தின அத்தியாயம் 'மன்னித்துவிடு'. புத்தகம் அதோடு சுபமாக முடிந்துவிடும்.

"அண்ணி நாளைக்குத் திறந்து பார்த்தா?" என்று கேட்டார் கட்டிங்காரர்.

"மன்னிச்சுத்தான் ஆகணும். வேற பக்கம் இல்லையே."

"ஒரு வார்த்தை அவங்ககிட்டயே பேசிடலாமே, அண்ணே."

"உனக்கு மெஷினை ஓட்டத்தான் சம்பளம்," என்று சீறினார் மேஸ்திரி. "புத்தி சொல்ல அந்த டாக்டர் ஒருத்தன் போதும். என் வீட்டுக்குள்ள வாயை வெச்சதே அவன்தான். அவ நல்லவ. அவளுக்குத் தானா தோணுமா இப்படி எல்லாம்? எல்லாம் இந்தச் சனியன் சொல்லிக் குடுத்தது. அறு அதை."

கட்டிங்காரர் மெஷின் விசையைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை வாங்கி, கடைசி ஃபாரம் எங்கே தொடங்குகிறதென்று பார்க்கக் கட்டைவிரலால் பக்கங்களைத் தள்ளினார். பக்கங்கள் தனித்தனியாக விழவில்லை. கத்தையாக விழுந்தன. மறுபடி தள்ளினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, மேல் ஓரத்தை உற்றுப் பார்த்தார். நடுவில் ஓரிடத்தில் விரலை விட்டுப் பார்த்தார், முன்னால் ஓரிடத்தில் பார்த்தார், முதல் அத்தியாயத்துக்கு வந்தார். அங்கும் விரல் உள்ளே போய் மேலே முட்டிக்கொண்டு நின்றது.

"என்னத்தைத் தடவிக்கிட்டு இருக்கே? பசை ஒட்டியிருக்கும், பிரி," என்றார் மேஸ்திரி.

"பசை இல்லண்ணே. இது நான் அன்னைக்குக் கத்திக்கு அளவு பார்க்க முதல்ல வெட்டின பிரதி. மேல் வெட்டு பத்தல. தாளை மடிச்ச மடிப்பு அப்படியே நிக்குது. ரெண்டு ரெண்டு பக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கு. படிக்கணும்னா கத்தி வெச்சு ஒவ்வொண்ணா கிழிச்சாத்தான் முடியும். ஒண்ணைக்கூடக் கிழிக்கல."

மேஸ்திரி புத்தகத்தைப் பிடுங்கினார். மேல் ஓரத்தைத் தடவினார். அவருடைய கட்டைவிரலுக்குக் காகிதத்தில் தெரியாதது எதுவும் இல்லை. மடிப்புகள் பிறந்தபடியே, வழவழவென்று, வரிசையாக மூடிக் கிடந்தன.

கட்டிங்காரர் கத்தியின் விசையை அணைத்தார்.

"இதை யாருமே படிக்கல, அண்ணே," என்றார். "அண்ணி சொன்னதெல்லாம் அண்ணியோடது."